மாவட்டக் கணக்கில் மறைந்த தோட்டம்: இலவசத் தரவுக் கருவிகளை வைத்து நம் ஊருக்கு வேண்டியதைக் கேட்கும் வழி

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறது எங்கள் தோட்டம். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். ஆள் குறைந்தது, பிள்ளைகள் குறைந்தார்கள், கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. ஆனாலும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்துத் தாமான் குடியிருப்பிலும் பாதிப்பேர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள்தான். சுங்கை சிப்புட் பட்டணத்திலும் ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைக்கிறது. பிள்ளையை விட்டுப் போக இடம் இல்லாததால் இளம் அம்மாக்கள் வீட்டோடு இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். இரண்டு பக்கக் கடிதம், கீழே நாற்பது கையெழுத்து. அதிகாரி முழுவதையும் பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்: "பெராப்பா ஓராங்?" எத்தனை பேர்? எத்தனை பிள்ளைகள், என்ன வயது, பக்கத்தில் இருக்கும் தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையம், எத்தனை கிலோமீட்டர்? "நிறையப் பேர்" என்று சொன்னோம். கடிதம் கோப்புக்குள் போனது.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். பதில் நம் கையில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பதிலில் பாதி, காசு எதுவும் வாங்காமல் இணையத்தில் கிடக்கிறது. மீதிப் பாதியை நாம் வாசல் வாசலாகப் போய் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தோட்டம் கண்ணில் படும். கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் என்று எதில் இருந்தாலும் நீங்களே செய்யக்கூடிய வேலை இது. ஒரு மடிக்கணினி, இரண்டு கைப்பேசி, மூன்று நான்கு வார இறுதிகள் போதும்.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

தளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். "எங்கள் ஊர் முன்னேற என்ன செய்யலாம்" என்று எழுதினால் தேடல் முடியவே முடியாது. நாங்கள் எழுதியது இது: "தோட்டத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், பிள்ளையை விட இடம் இருந்தால் வேலைக்குப் போகத் தயாராக இருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்?"

இந்த வரியில் ஓர் இடம் இருக்கிறது, ஒரு வயது இருக்கிறது, எண்ணக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். எந்த எண் வேண்டும், எது வேண்டாம் என்பதை இந்த வரியே சொல்லிவிடும். இது இல்லாமல் உட்கார்ந்தால் ஒரு ராத்திரி முழுவதும் அழகழகான வரைபடங்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எழுந்திருப்பீர்கள்.

இரண்டாம் படி: எந்த எல்லைக்குள் தேடுகிறீர்கள்?

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். நாங்களும் சறுக்கினோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலேசியப் புள்ளிவிவரத் துறை ஓப்பன் டிஓஎஸ்எம் என்ற தளத்தை நடத்துகிறது. அதில் கவாசான்கூ என்று ஒரு பக்கம். மலாயில் "என் வட்டாரம்" என்று பொருள். மாநிலம், மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி என்று நான்கு வகையாக ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்ததும் மக்கள் தொகை, ஆண் பெண் விகிதம், இனம், வயதுக் கூம்பு, வருமானம் எல்லாம் படமாக வந்து நிற்கும். உங்கள் தொகுதி நாட்டின் மற்றத் தொகுதிகளோடு ஒப்பிட்டால் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு புள்ளிக் கோடு காட்டும். பதிவு செய்யத் தேவையில்லை, கடவுச்சொல்லும் தேவையில்லை. தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. டாயேரா என்றால் மாவட்டம், பார்லிமென் நாடாளுமன்றத் தொகுதி, டூன் சட்டமன்றத் தொகுதி. இந்த மூன்று சொல் தெரிந்தால் போதும்.

சரி, சுங்கை சிப்புட்டுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? மாவட்டப் பட்டியலில் சுங்கை சிப்புட் என்று தேடினால் கிடைக்காது. நம் ஊர் கோல கங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அரச நகரமான கோல கங்சாரும் பாடாங் ரெங்காஸும் சேர்ந்தே வரும். அந்த மாவட்டச் சராசரியில் நம் தோட்டம் ஒரு துளி உப்பு மாதிரி கரைந்துவிடும். நாங்கள் தளத்தில் முதலில் எடுத்த எண்கள் அப்படிப்பட்டவைதான்.

நாடாளுமன்றத் தொகுதியாகத் தேடுங்கள். பி.062 சுங்கை சிப்புட். இது மாவட்டத்தைவிட நெருக்கமானது. இன்னும் கீழே இறங்கினால் இதற்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள், லிந்தாங் ஒன்று, ஜாலோங் ஒன்று. உங்கள் தோட்டம் எதில் வருகிறது என்று தெரியாவிட்டால் வாக்காளர் பதிவைப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும். நாடு முழுவதும் நாடாளுமன்றத் தொகுதிகள் 222, சட்டமன்றத் தொகுதிகள் 600. சட்டமன்றமே இல்லாத கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் கூட்டரசுப் பிரதேசங்களைத் தவிர, உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும் இந்த 600-இல் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

சட்டமன்றத் தொகுதி வரை இறங்கினாலும் வேலை முடிந்துவிடாது. ஒரே தொகுதிக்குள் பட்டணத்துக் கடைவீதி, தாமான், புதுக்கிராமம், தோட்ட லயம், லாசா பக்கத்துத் தெமியார் பூர்வக்குடிக் கிராமங்கள் என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. தளத்தில் அதைவிடக் கீழே போக வழியில்லை. நம் சொந்தக் கணக்கெடுப்பு இதற்காகத்தான் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தளத்தில் இருப்பது "இந்தியர்" என்ற பிரிவு. அதில் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் அடக்கம். "இங்கே இத்தனை தமிழர்" என்று அந்த எண்ணைக் காட்டி எழுதினால் அது பிழை.

மூன்றாம் படி: அட்டவணையை இறக்கி நீங்களே வடிகட்டுங்கள்

படத்தைப் பார்த்தால் ஒரு தோற்றம் கிடைக்கும். கடிதத்தில் எழுத எண் வேண்டும். ஓப்பன் டிஓஎஸ்எம் தளத்திலும், அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளமான டேட்டா டாட் கவ் டாட் எம்ஒய்யிலும் "கத்தாலோக் டேட்டா" என்ற பகுதி இருக்கும். அதில் மாவட்ட வாரியான மக்கள் தொகை, குடும்ப வருமானம், வறுமை, வேலை பற்றிய அட்டவணைகள் தனித்தனியாகக் கிடைக்கும். கீழே இறங்கினால் சிஎஸ்வி கோப்பாகப் பதிவிறக்கும் பொத்தான். கூகுள் ஷீட்ஸில் அப்படியே திறந்துகொள்ளலாம்.

மக்கள் தொகை அட்டவணையைத் திறந்தவர்கள் மூன்று இடத்தில் தடுமாறுவார்கள்.

முதலாவது, எண்கள் ஆயிரக்கணக்கில் தரப்பட்டிருக்கும். 4.2 என்று இருந்தால் 4,200 பேர். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி "அண்ணே, நாலு பேர்தான் இருக்காங்கன்னு போட்டிருக்கு" என்று பதறிப்போனான்.

இரண்டாவது, மொத்தமும் அதே பட்டியலுக்குள் ஒரு வரியாக இருக்கும். ஆண் ஒரு வரி, பெண் ஒரு வரி, இருவரும் சேர்ந்து இன்னொரு வரி. வயதிலும் இனத்திலும் அப்படியே. சில அட்டவணைகளில் பூமிபுத்ரா என்று ஒரு மொத்த வரி, அதற்குள் அடங்கும் மலாய்க்காரர், மற்றப் பூமிபுத்ராக்கள் என்று தனி வரிகள். கடைசிப் பத்தியை அப்படியே கூட்டினால் ஒரே ஆளைப் பல தடவை எண்ணிவிடுவீர்கள். முதலில் வடிகட்டியைப் போட்டு ஆண்டு, மாவட்டம், பாலினம், வயது, இனம் ஒவ்வொன்றிலும் வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு பாருங்கள்.

மூன்றாவது, ஆண்டு. நம் நாட்டின் கடைசி மக்கள் கணக்கெடுப்பு 2020-ஆம் ஆண்டுக்கானது. அதன் பிறகு வரும் எண்கள் அதை அடிப்படையாக வைத்துப் போட்ட மதிப்பீடுகள். ஒவ்வோர் அட்டவணைப் பக்கத்திலும் எந்தத் தேதி வரைக்குமான தரவு, அடுத்து எப்போது புதுப்பிப்பார்கள் என்று போட்டிருக்கும். அந்தத் தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கேள்விக்கு 0–4 வயது வரி முக்கியம். வேலை அட்டவணையில் பெண்களின் பங்கேற்பு விகிதம் முக்கியம். நாடு முழுவதும் பார்த்தால் வேலை வயதிலுள்ள ஆண்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் தொழிலாளர் சந்தையில் இருக்கிறார்கள், பெண்களில் 55-ஐ ஒட்டித்தான். இந்த இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம் பிள்ளை வளர்ப்பு. நம் ஊரில் அது எப்படி இருக்கிறது என்று காட்ட முடிந்தால், குழந்தைப் பராமரிப்பு நிலையத்தைக் கேட்பதை ஊரின் பொருளாதாரத்துக்கான கோரிக்கையாகவே முன்வைக்கலாம்.

வருமானத்தைப் பேசும்போது: சராசரியா, இடைநிலையா?

இதற்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். தோட்டத்து மக்கள் காணாமல் போகும் இன்னோர் இடம் இது.

ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 1,700, 1,900, 2,400, 3,000, 15,000 ரிங்கிட். கடைசி வீடு தோட்ட நிர்வாகியுடையது. ஐந்தையும் கூட்டினால் 24,000. ஐந்தால் வகுத்தால் சராசரி 4,800. அந்த ஐந்து வீட்டில் நாலு வீட்டுக்காரர்கள் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்ததே இல்லை! வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் 2,400. இதுதான் இடைநிலை, மீடியன் என்பார்கள். ஊர் நிலைமையைச் சொல்ல எப்போதும் இடைநிலையை எடுங்கள்.

2022-ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வில் மலேசியக் குடும்பங்களின் மாதச் சராசரி 8,479 ரிங்கிட், இடைநிலை 6,338 ரிங்கிட். அதே ஆண்டில் தேசிய அளவிலான சராசரி வறுமைக்கோட்டு வருமானம் 2,589 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். இந்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவரே சம்பாதிக்கும் வீடு எங்கே நிற்கிறது, அந்த வீட்டு அம்மாவும் வேலைக்குப் போனால் எங்கே வந்து நிற்கும் என்று தெரியும். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்தால் 3,400.

ஓர் எச்சரிக்கை. 2,589 என்பது எல்லா வீட்டுக்கும் ஒரே கோடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எந்த இடம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கோடு மாறும். "எங்கள் லயத்தில் இத்தனை வீடு வறுமைக்கோட்டுக்குக் கீழே" என்று நாமாகவே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வருமானத்தைச் சொல்லுங்கள், வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். கோடு போடுவது அவர்கள் வேலை.

நான்காம் படி: வரைபடத்தில் தோட்டத்தைப் போடுங்கள்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைத் திறந்து உங்கள் தோட்டத்தைத் தேடுங்கள். பச்சை நிறத்தில் ஒரு பெரிய பரப்பு தெரியும். லயம், கோயில், கடை எதுவும் இருக்காது, பல தோட்டங்களுக்கு இதே கதிதான். அது யாரும் எழுதலாம், திருத்தலாம் என்ற வரைபடம். இலவசக் கணக்கு ஒன்று திறந்து, துணைக்கோள் படத்தின் மேல் கோடு கோடாகத் தெரியும் லயங்களை வரைந்து பெயர் எழுதிச் சேமியுங்கள். ஒரு மாலைப்பொழுது வேலை. கைப்பேசியில் விளையாடும் பிள்ளைகளை உட்கார வைத்தால் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள். ஆட்களின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். கட்டடம், பாதை, கிணறு, கோயில் போதும்.

பிறகு தூரம். நேர்கோட்டில் அளந்தால் பக்கமாகத்தான் தெரியும். தோட்டத்துச் செம்மண் சாலை, கேட், பாலம் எல்லாம் சுற்றிப் போனால் அது இரண்டு மடங்காகும். அதனால் கூகுள் மேப்ஸில் வழித்தூரத்தையும், ஒருநாள் மோட்டார் சைக்கிளில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போன தூரத்தையும் எழுதிவையுங்கள். கிளினிக், பள்ளி, பேருந்து நிற்கும் இடம், மிக அருகிலுள்ள தாஸ்கா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

கூகுள் எர்த்தில் பழைய துணைக்கோள் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு. டைம்லாப்ஸ் என்ற பகுதி 1984-இலிருந்து ஆரம்பிக்கிறது. பால்மரம் செம்பனையான வருடத்தையும் தாமான் முளைத்த வருடத்தையும் கண்முன்னே பார்க்கலாம். ஆரம்பகாலப் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 30 மீட்டர். அதில் வீடு தெரியாது, வெட்டவெளி மட்டும் தெரியும். நில விவகாரங்களில் இதைப் பெரிய சான்றாக நம்பிவிடாதீர்கள். பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: பள்ளிப் பட்டியல்

கல்வி அமைச்சு வெளியிடும் பள்ளிகளின் பட்டியல் எக்செல் கோப்பாகக் கிடைக்கும். பள்ளியின் பெயர், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி, மாணவர் எண்ணிக்கை, பாலர் வகுப்பு மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வரைபடப் புள்ளி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மாணவர் எண்ணிக்கை 150-க்கு மேற்படாத பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அதில் குறித்திருப்பார்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தப் பட்டியலில் வரும். தாஸ்காவுக்காகக் கணக்கெடுக்கப் போன நாங்கள், அடுத்த மூன்று வருடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வரக்கூடிய பிள்ளைகளையும் அதே வேகத்தில் எண்ணிக்கொண்டோம். தலைமையாசிரியர்கள் கையில் அந்த எண் இருந்தால், பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்ச் சேருமுன்பே வீட்டுக்கு வந்து பேச முடியும். இதை எல்லாத் தோட்டத்துப் பள்ளிகளும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆறாம் படி: வாசல் வாசலாகப் போகும் கணக்கு

சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்குதாரர்களாக்கினார். அந்த வேலையே ஒவ்வோர் ஆளையும் பேர் சொல்லிப் பதிவதில்தான் நடந்தது. நாமும் அப்படித்தான் நடக்க வேண்டும். கையில் பேரேட்டுக்குப் பதில் கைப்பேசி, அதுதான் வித்தியாசம்.

கோபோ டூல்பாக்ஸ் என்று ஒரு கருவி. சமூக அமைப்புகளுக்காக உருவானது, சிறிய கணக்கெடுப்புக்கு இலவசத் திட்டமே போதும். கணினியில் கேள்விகளைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, ஆண்ட்ராய்டு கைப்பேசிச் செயலியில் இறக்கிக்கொள்ளலாம். இணைப்பு இல்லாத இடத்திலும் பதில்களைப் பதியலாம், பட்டணம் வந்ததும் அனுப்பிவிடலாம். செம்பனைக்குள் சிக்னல் கோடே வராத நம் லயங்களுக்கு இது பெரிய உதவி. எல்லா இடத்திலும் இணைப்பு இருந்தால் கூகுள் ஃபார்ம்ஸ் இன்னும் சுலபம்.

வீடுகள் நூறு இருநூறுக்குள் என்றால் மாதிரி எடுக்க வேண்டாம். எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள். மூடியிருந்த வீட்டை "இல்லை" என்று எழுதாமல் "மூடியிருந்தது" என்று எழுதி இன்னொரு நாள் போங்கள். காலை நேர வேலைக்காரர்கள் மாலையில் இருப்பார்கள், ஞாயிறு காலை எல்லாருக்கும் வசதி.

கேள்விகள் பத்தைத் தாண்ட வேண்டாம். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் ஞாயிறு, கடைசி லயத்தில் ஒரு பாட்டி வீடு. "பாட்டி, வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டோம். "மூணு பேருய்யா, நான், மகன், மருமக" என்றார். பதிந்துகொண்டு திரும்பியபோது வாசற்படியில் என் கண் நின்றது. பெரிய செருப்பு மூன்று ஜோடி, பக்கத்தில் சின்னச் செருப்பு இரண்டு ஜோடி. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. "இது யாரோடது பாட்டி?" "அதா, அது மக வீட்டுப் புள்ளைங்க. அவ ஈப்போவுல வேலை செய்யறா. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் இங்கதான். அது எங்க வீட்டு ஆளா ஆகுமா?"

பாட்டி சொன்னதில் தப்பே இல்லை. கேள்விதான் தப்பு. அன்று மத்தியானமே கேள்வியை மாற்றினோம். "நேத்து ராத்திரி இந்த வீட்டுல படுத்தவங்க எத்தனை பேர்?" என்று ஒன்று. "வேலை நாள் பகல்ல இந்த வீட்டுல இருக்கற பிள்ளைங்க எத்தனை பேர், யார் பார்த்துக்கறாங்க?" என்று இன்னொன்று. பிறகு முதலில் போன வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போனோம். ஆயாக்கொட்டகை மூடியபிறகு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள் லயத்துப் பாட்டிகள் என்று அந்த இரண்டாம் சுற்றில்தான் தெரிந்தது. எந்த மாவட்ட அட்டவணையிலும் இது வராது.

வருமானக் கேள்வியிலும் இப்படித்தான். "சம்பளம் எவ்வளவு" என்றால் தோட்டத்துக் கூலியை மட்டும் சொல்வார்கள். சனி ஞாயிறு புல் வெட்டப் போவது, சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்புவது, வீட்டில் முறுக்கு சுட்டு விற்பது எதுவும் அதில் வராது. ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சரியான தொகையைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். 1,700-க்குக் கீழே, 1,700 முதல் 2,500, 2,500 முதல் 4,000, அதற்கு மேல் என்று கட்டம் கட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையோ குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி (நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை) வைத்திருக்கும் பெரியவரோ இருக்கும் வீடுகள் நம்மிடம் உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள், அல்லது நம்பிச் சொன்னதற்காகப் பின்னால் வருத்தப்படுவார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. நம் குழு அதற்குள் வருகிறதோ இல்லையோ, அதே கண்டிப்போடு நடந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் ஒரே ஒருவரிடம், தாளில் இருக்கட்டும். வாட்சப் குழுவில் அதைப் போடவே கூடாது.

ஏழாம் படி: வேலை, விலை, போக்குவரத்து

கேள்வி பொருளாதாரம் பற்றியது என்றால் இன்னும் மூன்று கருவிகள் கைகொடுக்கும்.

பிரைஸ் கேட்சர் என்பது உள்நாட்டு வாணிப அமைச்சின் விலைக் கண்காணிப்பு. எந்தக் கடையில் எந்தத் தேதியில் கோழி, முட்டை, சமையல் எண்ணெய் என்ன விலை என்பதைச் செயலியில் பார்க்கலாம். முழுத் தரவும் மாத வாரியாகத் தரவுத் தளத்தில் உண்டு, ஆனால் கோப்பு மிகப் பெரியது. எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் ஏற்றாது. கணினி வேலை தெரிந்தவர் யாராவது இல்லாவிட்டால் செயலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கடை விலையையும் பட்டணத்து விலையையும் பத்துப் பொருளுக்கு ஒப்பிட்டுப் பார்த்தாலே, ஒரு கூட்டுறவுக் கடை போடலாமா வேண்டாமா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு மலேசியச் செம்பனை வாரியத்தின் விலைப் பக்கம். அங்கே குலை விலை "1 விழுக்காடு எண்ணெய் பிழிவு" என்ற கணக்கில் வட்டார வாரியாக இருக்கும். அதை உங்கள் குலையின் பிழிவு விகிதத்தால் பெருக்கினால் ஒரு டன்னுக்கான ஆலை விலை வரும். 1 விழுக்காட்டுக்கு 45 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 20 விழுக்காட்டுக்கு 900 ரிங்கிட். இடைத்தரகர் லாரிக் கூலியையும் தன் பங்கையும் கழித்துத்தான் கொடுப்பார், அது நியாயம். எவ்வளவு கழிக்கிறார் என்பது தெரிந்துகொண்டு பேசுவதும் நியாயம்.

மூன்றாவது, ரயில். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் மின்சார ரயில் நிற்கிறது. ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் பயணிகள் தரவை அரசாங்கத் தரவுத் தளத்தில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு என்று தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமையும் பெருநாள் காலத்திலும் கோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வீடு திரும்பும் நாட்கள் அவை. நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடையோ வேன் சேவையோ யோசிப்பவருக்கு இது உதவும்.

எட்டாம் படி: ஒரே தாள்

எல்லாம் சேர்ந்ததும் அறுபது பக்க அறிக்கை எழுத ஆசை வரும். வேண்டாம். ஏ4 தாளில் ஒரு பக்கம், மலாயில். மேலே வரைபடம், அதில் லயங்களும் மிக அருகிலுள்ள தாஸ்காவும் சாலைத் தூரமும். நடுவில் சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் நம் கணக்கெடுப்பின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில். கீழே கோரிக்கை, ஒரு வாக்கியம். படம் வரைய டேட்டாராப்பர் இலவசம், கூகுள் ஷீட்ஸும் போதும்.

சின்ன எண்ணுக்கு விழுக்காடு போடாதீர்கள். பன்னிரண்டு அம்மாக்களில் ஏழு பேர் என்றால் "12 பேரில் 7 பேர்" என்றே எழுதுங்கள். "58 விழுக்காடு" என்று எழுதினால் எதையோ பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்று அதிகாரிக்குத் தோன்றும், அதன்பின் மற்ற எண்களையும் நம்ப மாட்டார். எந்தத் தளம், எந்த ஆண்டு, நம் கணக்கெடுப்பு எந்தத் தேதிகளில், மூடியிருந்த வீடுகள் எத்தனை என்று அடியில் சின்ன எழுத்தில் போடுங்கள். ஓப்பன் டிஓஎஸ்எம் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும் என்பதே நிபந்தனை.

யாரிடம் கொடுப்பது? தாஸ்கா, தாபிகா (பாலர் பள்ளி) என்றால் அரசாங்கத்தின் சமூக மேம்பாட்டுத் துறையான கெமாஸின் மாவட்ட அலுவலகம். ஒரு பிரதி சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு, ஒரு பிரதி தோட்ட நிர்வாகத்துக்கு, ஏனென்றால் இடம் அவர்களுடையது. சாலை, விளக்கு என்றால் நகராண்மைக் கழகம். எங்கே கொடுத்தாலும் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: தாளை லயத்துக்கே கொண்டுபோங்கள்

அலுவலகத்துக்குப் போகுமுன் அந்தத் தாளைத் தமிழில் ஒரு பிரதி எடுத்துத் தோட்டத்துக் கடைச் சுவரில் ஒட்டினோம். பதில் சொன்னவர்களுக்கு அவர்கள் சொன்னது என்னவாயிற்று என்று தெரிய வேண்டும். மாலையில் ரொட்டி வாங்க வந்த ஓர் அக்கா வரைபடத்தில் விரலை வைத்துத் தன் லயத்தைத் தேடினார். கதவுகளை எண்ணினார். "தம்பி, எங்க வரிசையில ஒரு கதவு குறையுதே" என்றார். போய்ப் பார்த்தோம். மரத்தடியில் பின்பக்கமாகத் தகரம் அடித்து ஒட்டிக் கட்டிய ஒரு வீடு. துணைக்கோள் படத்தில் மர நிழலுக்குள் மறைந்திருந்தது. உள்ளே ஓர் இளம் தம்பதி, எட்டு மாதக் குழந்தை.

எண்களைத் திருத்தி, தாளை மறுபடி அச்சடித்து, அடியில் இருந்த தேதியை மாற்றினோம். அந்தப் பிரதிதான் முத்திரை வாங்கியது. நீங்களும் உங்கள் தாளை ஒரு வாரமாவது சுவரில் விடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள்.